கதவைத் திறந்தால் குளிர் உள்ளே வருகிறதா?

என் அக்கா மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் அவளுடைய அறிவியல் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வெப்பக் கடத்தல், வெப்பச் சலனம், வெப்பக் கதிர்வீச்சு என்று மூன்றுக்கும் வரையறை எழுதி, அடிக்கோடு போட்டு, அம்புக்குறியோடு படமும் வரைந்திருந்தாள். அடுத்த பக்கத்தில் அவளே சொந்தமாக எழுதிய ஒரு வரி: "கதவைத் திறந்தால் வெளியில் உள்ள குளிர் உள்ளே வந்துவிடும்." வரையறை மூன்றும் பிழையில்லாமல் இருந்தன, ஆனால் அவள் மனதுக்குள் உண்மையில் என்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது இந்த வரிதான்.

குளிர்ந்த காற்று உள்ளே வரும், அதில் தகராறு இல்லை. ஆனால் குளிர் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. அது எங்கிருந்தும் கிளம்புவதில்லை, எதற்குள்ளும் நுழைவதில்லை. இருப்பது வெப்பம் மட்டும்தான். அது சூடான இடத்திலிருந்து சூடு குறைந்த இடத்துக்குப் போகிறது. ஒரு குழந்தைக்கு இது உள்ளே இறங்கிவிட்டால் மற்ற எல்லாமே பின்னால் தானாக வரும் என்பது என் எண்ணம். இது இறங்காமல் மூன்று வகைகளையும் நான்கு விதிகளையும் மனப்பாடம் செய்ய வைத்தால் தேர்வு முடிந்த மறுநாளே எல்லாம் மறந்துவிடும்.

அதனால் நோட்டை மூடச் சொல்லிவிட்டு, அடி கனமான ஓர் அலுமினியப் பாத்திரத்தையும் ஒரு மரப்பலகையையும் மேசைமேல் வைத்தேன். இரண்டுமே முந்தைய நாள் இரவிலிருந்து அதே அறையில்தான் கிடந்தன. தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

"அலுமினியம்தான் சித்தி சில்லுன்னு இருக்கு."

"அப்போ அதோட வெப்பநிலைதான் கம்மியா?"

"ஆமா, தொட்டாலே தெரியுதே!"

இரண்டின் மேலும் டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையை டேப் போட்டு ஒட்டி ஐந்து நிமிடம் காத்திருந்தோம். இரண்டும் 29 டிகிரி காட்டின. (வீட்டில் செய்து பார்ப்பவர்கள் துப்பாக்கி மாதிரி நீட்டி அளக்கும் அகச்சிவப்பு தெர்மாமீட்டரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம், பளபளப்பான உலோகத்தின்மேல் அது தவறாகக் காட்டும்.) அவள் நம்பவில்லை. தெர்மாமீட்டர் கெட்டுப்போயிருக்கும் என்றாள். தன் கை சொல்வதை விட்டுவிட்டு ஒரு கருவி சொல்வதை உடனே நம்பிவிட ஒரு குழந்தையால் முடியாது, அப்படி நம்பவும் கூடாது. அதனால் நான் வாதாடவில்லை. ஃப்ரீசரிலிருந்து ஒரே அளவு ஐஸ் கட்டிகள் இரண்டை எடுத்து வந்து, பாத்திரத்தைக் கவிழ்த்து அதன்மேல் ஒன்று, பலகைமேல் ஒன்று என்று வைக்கப் போவதாகச் சொன்னேன். வைப்பதற்கு முன்னால் எது முதலில் உருகும் என்று எழுதி வைக்கச் சொன்னேன். இதை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடாதீர்கள், எழுதி வைத்தால்தான் பிறகு வரும் ஆச்சரியம் முழுதாக வரும். அவள் "பலகை, ஏன்னா அதுதான் சூடா இருக்கு" என்று எழுதினாள்.

அலுமினியத்தின் மேல் வைத்த கட்டி வைத்த கணத்திலேயே அடியில் நீர் கட்டிக்கொண்டு வழுக்கத் தொடங்கியது. விரலால் லேசாகத் தள்ளினாலே நகர்ந்தது. ஒரு நிமிடத்தில் ஓரங்கள் மழுங்கின, இரண்டு மூன்று நிமிடங்களில் பாதியாகிவிட்டது. பலகை மேல் இருந்த கட்டி முனை கூர்மையாக அப்படியே உட்கார்ந்திருந்தது, அடியில் கொஞ்சம் ஈரம் மட்டும். அவள் முகத்தைக் கட்டிக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பாத்திரத்தைத் தொட்டுவிட்டு, "சில்லுன்னு இருக்கிறதுதான் ஐஸை உருக்குது!" என்றாள்.

சரி, என்ன நடக்கிறது? நம் தோல் ஏறக்குறைய 33 டிகிரியில் இருக்கிறது, அறையும் பாத்திரமும் 29-ல். தொட்டவுடன் கையிலிருந்து வெப்பம் வெளியே போகிறது. அலுமினியம் அதை வாங்கி வாங்கிச் சட்டென்று உள்ளே கடத்திவிடுகிறது, மரத்தால் அப்படி முடியாது. வெப்பத்தைக் கடத்தும் திறனில் அலுமினியம் மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். மரத்தில் கை தொட்ட இடம் மட்டும் கொஞ்சம் சூடாகி அங்கேயே நின்றுவிடுவதால் கைக்குச் சில்லென்று தோன்றுவதில்லை. ஐஸுக்கு இதுவே தலைகீழ். அறையின் வெப்பத்தைப் பாத்திரம் முழுவதிலுமிருந்து திரட்டிக் கொண்டுவந்து ஐஸுக்குக் கொடுக்கிறது அலுமினியம். ஆக, நம் கை வெப்பநிலையை அளக்கும் கருவியே இல்லை. வெப்பம் நம்மை விட்டு எவ்வளவு வேகமாகப் போகிறது, அல்லது எவ்வளவு வேகமாக உள்ளே வருகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. வெயிலில் காய்ந்த இரும்பு இருக்கையும் அதன் பக்கத்திலேயே காய்ந்த மர இருக்கையும் எப்படி என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "அங்க இரும்புதான் சுடும், ஏன்னா அப்போ வேகமா உள்ள வருது" என்றாள். அந்த "உள்ள வருது" என்ற சொல்லைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கம்பளிக்கும் இதே கதைதான். ஸ்வெட்டர் சூடு தரும் என்று ஒரு பயிற்சித்தாளில்கூட அச்சிட்டிருந்தார்கள், பார்த்து வருத்தப்பட்டேன். ஸ்வெட்டரிடம் கொடுப்பதற்குச் சூடு எங்கே இருக்கிறது? சூடு தருவது நம் உடம்பு. கம்பளி இழைகளுக்கு இடையில் சிக்கி நகர முடியாமல் நிற்கும் காற்று, அந்தச் சூடு வெளியே போவதைத் தாமதப்படுத்துகிறது. காற்று மரத்தைவிடவும் மோசமான கடத்தி. இதற்கும் ஐஸையே வைத்துப் பார்க்கலாம்: இரண்டு கட்டிகளைத் தனித்தனிப் பையில் போட்டு ஒன்றை ஸ்வெட்டருக்குள் சுற்றி வையுங்கள், இன்னொன்றைத் திறந்தவெளியில் விடுங்கள். ஸ்வெட்டர் சூடு தருவது உண்மையென்றால் உள்ளே இருப்பது முதலில் உருக வேண்டும். உருகாது, அதுதான் கடைசிவரை தாக்குப்பிடிக்கும்.

அடுத்து வெப்பமும் வெப்பநிலையும் ஒன்றல்ல என்பது. இதைப் பாடத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள், எனக்கு இதற்கு நிறைய நேரம் கொடுக்கத் தோன்றுகிறது. இரும்பை உரசும்போது கிரைண்டரிலிருந்து பறக்கும் தீப்பொறி 1000 டிகிரிக்கு மேல் இருக்கும். அது கையில் பட்டால் சுருக்கென்று ஒரு குத்து, அவ்வளவுதான். ஒரு வாளி வெதுவெதுப்பான நீர் 40 டிகிரிதான். எதில் வெப்பம் அதிகம்? கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 ஜூல் ஆற்றல் வேண்டும். 10 லிட்டர் நீரை 30-லிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுபோக 4 லட்சத்து 18 ஆயிரம் ஜூல். பொறி ஒரு மில்லிகிராம் எடை இருந்தால்கூட (உண்மையில் அதைவிடக் குறைவாகவே இருக்கும்) அதில் அதிகமாக இருப்பது ஏறக்குறைய அரை ஜூல். வெப்பநிலை என்பது ஒவ்வொரு மூலக்கூறும் சராசரியாக எவ்வளவு துடிப்பாக ஆடுகிறது என்பதன் அளவு. வெப்பம் என்பது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும் ஆற்றல். பொறியில் ஆடுபவை வெறிகொண்டு ஆடுகின்றன, ஆனால் எண்ணிக்கை சொற்பம்.

வெப்பச் சலனத்தை, அதாவது சூடான நீரோ காற்றோ தானே நகர்ந்து வெப்பத்தைச் சுமந்து போவதை, அதிகம் நீட்டவில்லை. ஒரே ஒரு சோதனை போதும். நீண்ட சோதனைக்குழாயில் நீர் ஊற்றி, ஒரு சின்ன ஐஸ் துண்டை மேலே மிதக்காதபடி கம்பி வலையால் அடியில் அழுத்தி வைத்து, குழாயைச் சாய்த்துப் பிடித்து மேல்பகுதியை மட்டும் தீயில் காட்ட வேண்டும் (பெரியவர்தான் செய்ய வேண்டும், கண்ணாடி சுடும்). மேலே நீர் கொதித்துக் குமிழி விடும், அடியில் ஐஸ் அப்படியே இருக்கும்! சூடான நீர் ஏற்கனவே மேலே இருக்கிறது, அது கீழே வர வழியில்லை, நீரோ மோசமான கடத்தி. இதைப் பார்த்த பிறகு "வெப்பம் மேலே ஏறும்" என்ற பாதி உண்மையைச் சரிசெய்வது சுலபம். ஏறுவது வெப்பம் இல்லை, சூடாகி விரிந்து அடர்த்தி குறைந்த நீரோ காற்றோ ஏறுகிறது, அதுவும் பக்கத்தில் உள்ள அடர்த்தியான குளிர்ந்த பகுதி கீழே இறங்கி அதை மேலே தள்ளுவதால். எடை உணரப்படாத விண்வெளி நிலையத்தில் இந்தத் தள்ளல் இல்லாததால் அங்கே மெழுகுவர்த்திச் சுடர் மேல்நோக்கிக் கூராக நீளாமல் உருண்டையாக நிற்கும்.

கதிர்வீச்சுக்கு எதுவுமே நடுவில் வேண்டாம், சூரியனுக்கும் நமக்கும் இடையில் உள்ள 15 கோடி கிலோமீட்டர் வெற்றிடத்தை அது எட்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நேரத்தில் கடந்து வந்துவிடுகிறது. 1800-ல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி ஒளியே தெரியாத இடத்தில் வைத்ததும் சூடேறியது. கண்ணுக்குத் தெரியாத ஒளி ஒன்று உண்டு என்று ஒரு தெர்மாமீட்டர் காட்டிக்கொடுத்த நாள் அது. மூன்று வகையையும் ஒரே பொருளில் பார்க்க வேண்டுமென்றால் வெந்நீர் ஃபிளாஸ்க் இருக்கிறது. 1892-ல் ஜேம்ஸ் டிவார் உருவாக்கிய குடுவைதான் அதன் மூலம். இரட்டைச் சுவருக்கு நடுவே வெற்றிடம், அதனால் கடத்தலும் சலனமும் அங்கே நின்றுபோகின்றன. சுவரில் கண்ணாடி போன்ற பூச்சு, அது கதிர்வீச்சைத் திருப்பி அனுப்புகிறது. மிச்சமிருக்கும் பலவீனமான இடம் வாய்ப்பகுதியும் மூடியும்தான். அதே ஃபிளாஸ்க் ஐஸ் நீரையும் காப்பாற்றுகிறதே, அதற்குள் இருப்பது சூடா குளிரா என்று அதற்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அதுக்குத் தெரிய வேண்டியதே இல்ல சித்தி, ரெண்டு பக்கமும் வெப்பத்தை விடமாட்டேங்குது, அவ்வளவுதான்."

அப்புறம் விதிகள். ஏழாம் வகுப்புக்கு வெப்ப இயக்கவியல் (வெப்பமும் வேலையும் ஒன்று மற்றொன்றாக மாறுவதைப் பற்றிய பாடம்) எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஆனால் வெப்பம் எங்கிருந்து வருகிறது, ஏன் ஒரே பக்கமாகப் போகிறது என்ற இரண்டு கேள்விகளையும் குழந்தைகள் தாமாகவே கேட்கிறார்கள், முதல் இரண்டு விதிகளும் இவற்றுக்கான பதில்கள்தான்.

ஒரு காலத்தில் வெப்பம் என்பது கலோரிக் என்ற கண்ணுக்குத் தெரியாத திரவம் என்று பெரிய விஞ்ஞானிகளே நினைத்தார்கள். மியூனிக்கில் பீரங்கிக் குழல் துளைக்கும் வேலையை மேற்பார்வை பார்த்த ரம்ஃபோர்டு பிரபு அங்கே உலோகம் கடுமையாகச் சூடாவதைக் கவனித்தார். வேண்டுமென்றே மழுங்கிய துளைக்கருவியைப் போட்டு, குழலைச் சுற்றி நீர் நிரப்பி, குதிரைகளை வைத்துச் சுழற்ற வைத்தார். இரண்டரை மணி நேரத்தில் தீயே இல்லாமல் நீர் கொதித்தது. சுற்றி நின்றவர்கள் வாய்பிளந்து பார்த்தார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். 1798-ல் வெளியான அந்தக் கட்டுரையின் வாதம் எளிமையானது: குதிரை சுற்றிக்கொண்டே இருக்கும்வரை வெப்பம் வந்துகொண்டே இருக்கிறது, தீரவே தீராத ஒன்று எப்படி உலோகத்துக்குள் அடைத்து வைத்த திரவமாக இருக்க முடியும்? பிறகு 1840-களில் ஜேம்ஸ் ஜூல், எடைக்கற்கள் கீழே இறங்கும்போது நீருக்குள் துடுப்பு சுழலும்படி அமைத்து, எவ்வளவு வேலைக்கு எவ்வளவு வெப்பம் என்று கணக்காகவே அளந்தார். மேலே வாளிக்குப் போட்ட கணக்கில் வந்த ஜூல் அவர் பெயர்தான்.

வீட்டில் இதற்குச் சைக்கிள் பம்பு போதும். காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதியைத் தொட்டால் சுடும். தீ இல்லை, வெயில் இல்லை, தோள் வலிக்க வேலை செய்தோம், அந்த வேலை வெப்பமாக மாறியது. ஆற்றல் புதிதாகப் பிறப்பதுமில்லை அழிவதுமில்லை, உருவம்தான் மாறும் என்பது முதல் விதி. 100 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவியின் நீர் அடியில் மோதும்போது அந்த ஆற்றல் முழுவதும் நீரிலேயே வெப்பமாகத் தங்கினாலும் எவ்வளவு சூடேறும் என்று கணக்குப் போட்டோம். 0.23 டிகிரிதான். அவளுக்கு ஏமாற்றம், எனக்கு அப்படியில்லை. அவ்வளவு உயரத்திலிருந்து பெரும் இரைச்சலோடு விழும் ஆற்றல் முழுவதும் கால் டிகிரிகூட இல்லையென்றால், ஒரு குவளை வெந்நீருக்குள் எவ்வளவு பெரிய ஆற்றல் சத்தமில்லாமல் இருக்கிறது!

இரண்டாம் விதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு குவளை வெந்நீரை மேசைமேல் வைத்தால் ஆறிப்போகும். அறையில் உள்ள காற்று தன் வெப்பத்தைக் கொஞ்சம் கொடுத்து அந்த நீரை மறுபடி கொதிக்க வைத்தால் என்ன? முதல் விதி அதைத் தடுக்காது, காற்று இழந்ததும் நீர் பெற்றதும் சமமாக இருந்தால் கணக்கு சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் அது நடப்பதில்லை. 1850-ல் ஜெர்மன் இயற்பியலாளர் கிளாசியஸ் இதை ஒரு விதியாகவே வைத்தார்: வெப்பம் தானாகக் குளிர்ந்ததிலிருந்து சூடானதற்குப் போகாது. 1865-ல் இதை அளக்க உதவும் அளவுக்கு என்ட்ரோபி என்ற பெயரையும் அவரே கொடுத்தார்.

ஏன் போகாது? என்ட்ரோபியை "ஒழுங்கின்மை" என்று சொல்லி, கலைந்து கிடக்கும் அறையை உதாரணம் காட்டுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை, குழந்தைக்கு அதில் போய்ச்சேருவது அறையைச் சுத்தமாக வை என்ற அறிவுரை மட்டும்தான். நான் பத்து நாணயங்களைக் கொடுத்துக் குலுக்கிப் போடச் சொன்னேன். பத்தும் தலையாக விழ ஒரே ஒரு வழி. ஐந்து தலை ஐந்து பூவாக விழ 252 வழிகள். மொத்தம் இருப்பதே 1024 வழிகள்தான். அவள் முப்பது நாற்பது தடவை போட்டாள், பத்துத் தலை ஒருமுறைகூட வரவில்லை. எந்த விதியும் அதைத் தடுக்கவில்லை, கலந்து விழுவதற்கு வழிகள் அதிகம் என்பதால் கலந்து விழுகிறது. என்ட்ரோபி அளப்பது இப்படி எத்தனை வழிகள் என்பதைத்தான். இப்போது பத்து நாணயத்துக்குப் பதில் ஒரு குவளை நீரின் மூலக்கூறுகளை நினைத்துக்கொள்ளுங்கள். 200 மில்லிலிட்டரில் அவை 6-க்குப் பின்னால் 24 சுழியம் போட்டால் வரும் எண்ணிக்கையைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆற்றல் இத்தனை பேரிடமும் சுற்றியுள்ள காற்றிடமும் பரவிக் கிடக்கும் வழிகளோடு ஒப்பிட்டால், அது திரும்பவும் குவளைக்குள் மட்டும் வந்து குவியும் வழிகள் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடலாம்.

"அப்போ ஃப்ரிட்ஜ் மட்டும் எப்படி?" என்றாள் உடனே. நல்ல கேள்வி. கிளாசியஸ் "தானாக" என்று சொன்னதில்தான் பதில் இருக்கிறது. ஃப்ரிட்ஜ் மின்சாரத்தைச் செலவழித்து உள்ளே இருக்கும் வெப்பத்தை இறைத்து வெளியே கொட்டுகிறது. செலவழித்த மின்சாரமும் வெப்பமாகி அதோடு சேர்ந்துகொள்கிறது. பின்னால் தொட்டுப் பார்த்தால் சூடு தெரியும். அதனால் மூடிய அறைக்குள் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்தால் அறை குளிராது, மெல்லச் சூடாகும். வெப்பத்திலிருந்து வேலை வாங்குவதிலும் இதே கண்டிப்பு உண்டு. நீராவி இயந்திரங்களைப் பார்த்து 1824-ல், 28 வயதில், பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ கண்டது அது: வெப்பம் முழுவதையும் வேலையாக மாற்ற முடியாது, ஒரு பகுதியைக் குளிர்ந்த பக்கத்துக்குக் கொடுத்தே ஆக வேண்டும். 327 டிகிரியில் வெப்பம் வாங்கி 27 டிகிரியில் விடும் இயந்திரத்தை எவ்வளவு கச்சிதமாகச் செய்தாலும் நூற்றுக்கு ஐம்பதுக்கு மேல் கிடைக்காது.

மற்ற இரண்டு விதிகள் சீக்கிரம் முடிந்துவிடும். ஒன்றோடொன்று சமநிலையில் இருக்கும் பொருட்கள் எல்லாம் ஒரே வெப்பநிலையில் இருக்கும் என்பது சுழிய விதி. தெர்மாமீட்டரை நாம் நம்புவதே இதனால்தான், ஆனால் முதல் இரண்டுக்கும் பெயர் வைத்து வெகுகாலம் கழித்து இது அடிப்படை என்று தோன்றியதால் சுழியம் என்ற எண் கிடைத்தது. மூன்றாவது, மைனஸ் 273.15 டிகிரி என்ற அடிமட்டத்தை நெருங்கலாம், தொட முடியாது என்பது. ஆய்வகங்களில் அதற்கு மேல் ஒரு டிகிரியில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான தூரம்வரை போயிருக்கிறார்கள்.

எல்லாம் முடிந்து எழப்போனபோது அவள் தெர்மாமீட்டரை எடுத்து மின்விசிறிக்கு நேராகப் பிடித்தாள். 29. விசிறியை நிறுத்தினாள். அப்போதும் 29. "காத்து சில்லுன்னு ஆகவே இல்லையே, பின்ன எனக்கு மட்டும் ஏன் சில்லுன்னு இருக்கு?"

நான் பதில் சொல்லாமல் ஒரு துண்டுப் பருத்தித் துணியை நனைத்து முனையில் சுற்றிக் கொடுத்தேன். நனைத்த நீரும் அறையில் வைத்திருந்ததுதான், அதுவும் 29. விசிறியைப் போட்டாள். 28 ஆனது. 27. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். 24-க்கு வந்து நின்றது.

உடம்பு சும்மா உட்கார்ந்திருந்தாலே நொடிக்கு ஏறக்குறைய 100 ஜூல் வெப்பத்தை வெளியே விட்டாக வேண்டும். தோலின் மேல் ஒரு கிராம் வியர்வை ஆவியானால் ஏறக்குறைய 2400 ஜூலை எடுத்துக்கொண்டு போகும், விசிறி அந்த ஆவியையும் தோலை ஒட்டி நிற்கும் சூடான காற்றையும் தள்ளிவிடுகிறது. சொல்லி முடித்ததும் கேட்டாள்: "எடுத்துக்கிட்டுப் போன வெப்பம் இப்போ எங்க இருக்கு? அழியாதுன்னு சொன்னீங்களே."

ஆவியில் இருக்கிறது என்றேன். அது மறுபடி நீரானால் அந்த வெப்பம் திரும்ப வெளியே வரும். அவள் ஓடிப்போய் ஒரு கண்ணாடி டம்ளரில் ஐஸ் போட்டு எடுத்து வந்து மேசைமேல் வைத்துவிட்டு, அதன் வெளிப்புறத்தில் துளி கட்டுகிறதா என்று பார்க்க உட்கார்ந்துவிட்டாள்.